நுரையீரல் தழும்புக்கு என்று விற்கும் என்ஏசி மாத்திரை: என் மதிப்பீடு

தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் 600 மில்லிகிராம் என்ஏசி (என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற சளி இளக்கும் மருந்து) மாத்திரை. டப்பாவின் முன்பக்கத்தில் "நுரையீரல் தழும்பைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் கவசம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கம்பெனி பெயர் வேண்டாம், கிட்டத்தட்ட இதே வாசகத்தோடு இன்னும் பலர் விற்கிறார்கள்.

மூடியைத் திறந்ததுமே அழுகிய முட்டை வாடை வரும். சரக்கு கெட்டுப்போச்சு என்று திட்டி எழுதுகிறவர்கள் கவனிக்க: அது கந்தக வாடை, என்ஏசி என்றாலே அப்படித்தான். எலுமிச்சை மணம் சேர்த்து மறைக்கப் பார்த்திருக்கிறார்கள், மறையவில்லை. மற்றபடி மண்டி தங்காமல் நன்றாகவே கரைகிறது. நுரைக்கும் மாத்திரை என்பதால் சோடியம் உண்டு, ஆனால் அந்த அளவு மட்டும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சரி, அந்தக் கவசம்? அப்படி ஒன்று உடம்பில் இருப்பது நிஜம்தான். நுரையீரலின் காற்றறைகளுக்குள் படர்ந்திருக்கும் மெல்லிய திரவப் படலத்தில், ரத்த பிளாஸ்மாவைப் போல நூறு மடங்குக்கும் மேல் குளுட்டாதயோன் என்ற ஆன்டிஆக்சிடன்ட் (செல்களை ஆக்சிஜன் சேதத்திலிருந்து காக்கும் பொருள்) இருக்கிறது, ஏனென்றால் புகை, தூசி, ஆக்சிஜன் எல்லாம் முதலில் வந்து மோதுகிற இடம் அது. சூப்பராக்சைடு என்ற தீங்கான ஆக்சிஜன் வகை உருவானால் டிஸ்மியூட்டேஸ் என்சைம் அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும், அதைக் கேட்டலேஸும் குளுட்டாதயோன் பெராக்சிடேஸும் தண்ணீராக்கிவிடும். இவற்றில் பலவற்றை முடுக்கிவிடுவது என்ஆர்எஃப்2 என்ற புரதம். சாதாரண நேரத்தில் கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், தாக்குதல் வந்தால் பிடி தளரும், உடனே அது செல்லின் உட்கருவுக்குள் போய் தற்காப்பு ஜீன்களை இயக்கும். என்ஆர்எஃப்2 இல்லாத எலிகளுக்கு ப்ளியோமைசின் என்ற, நுரையீரலில் தழும்பை உண்டாக்கும் மருந்தைக் கொடுத்தபோது மற்ற எலிகளைவிட மோசமாகத் தழும்பு விழுந்தது. ஆக, கவசம் பலவீனமானால் தழும்பு கூடும் என்பதில் சந்தேகமில்லை. காரணம் தெரியாமல் வரும் நுரையீரல் ஃபைப்ரோசிஸ், அதாவது ஐபிஎஃப், உள்ளவர்களின் நுரையீரல் திரவத்திலும் குளுட்டாதயோன் குறைந்தே காணப்பட்டது.

என்ஏசி உடம்பில் சிஸ்டீனாக மாறும், சிஸ்டீனிலிருந்து குளுட்டாதயோன் தயாராகும். கணக்கு அழகாக இருக்கிறது, இல்லையா? 2005-ல் வந்த இஃபிஜீனியா ஆய்வில், ஐபிஎஃப் நோயாளிகளுக்கு, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளான பிரெட்னிசோன், அசத்தியோபிரினோடு என்ஏசியும் சேர்த்துக் கொடுத்தபோது மூச்சுத்திறன் குறைவது மெதுவானது. கவச விளம்பரங்களுக்கு வலு சேர்ப்பது இந்த மாதிரி முடிவுதான். அதற்கப்புறம் நடந்ததை எந்த டப்பாவும் சொல்வதில்லை. பாந்தர் ஆய்வில் இதே மூன்று மருந்துக் கூட்டை வாங்கியவர்களிடம் இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூடியதால் அந்தப் பிரிவையே பாதியில் நிறுத்தினார்கள், முடிவு 2012-ல் வெளியானது. என்ஏசியை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்த பிரிவின் முடிவு 2014-ல் வந்தது: 60 வாரத்தில் மூச்சுத்திறன் குறைந்த அளவில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்குப் பலன் இருக்கலாம் என்று பிறகு அதே தரவுகளை அலசியவர்கள் சொன்னார்கள், ஆனால் கடையில் மாத்திரை வாங்குகிறவர் யார் மரபணு பார்த்துவிட்டு வாங்குகிறார்?

ஏன் பலிக்கவில்லை என்பதற்கு நான் நம்பும் விளக்கம் இது. தழும்பை உண்டாக்கும் மயோஃபைப்ரோபிளாஸ்ட் செல்களே நாக்ஸ்4 என்ற என்சைமை வைத்து ஹைட்ரஜன் பெராக்சைடைத் தயாரிக்கின்றன. அந்தச் செல்களைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம், குளுட்டாதயோன் தயாரிக்கும் என்சைமையும் சேர்த்து அடக்குகிறது. ஆலையையே பூட்டி வைத்த பிறகு வாசலில் மூலப்பொருளைக் கொண்டுவந்து கொட்டி என்ன பயன்?

சளியை இளக்குவதற்கு என்றால் இந்த மாத்திரைக்கு மூன்றரை நட்சத்திரம் தருவேன். பாரசிட்டமால் அளவு மீறிப்போனால் மருத்துவமனையில் நச்சுமுறிவு மருந்தாகக் கொடுப்பதும் என்ஏசிதான், அதனால் இதைப் போலி மருந்து என்று சொல்லவே மாட்டேன். தழும்புக் கவசம் என்ற வாசகத்துக்கு மட்டும் ஒரே நட்சத்திரம். ஐபிஎஃப் என்று உறுதியானவர்கள் நுரையீரல் டாக்டரிடம் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற மருந்துகளைப் பற்றிக் கேளுங்கள். அவையும் ஏற்கனவே விழுந்த தழும்பை அழிக்காது, ஆனால் நோய் முற்றும் வேகத்தைக் குறைப்பது ஆய்வில் தெரிந்திருக்கிறது. அப்புறம், நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் என்ஏசியைத் தொட வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கலாம்.