பெயர் தைத்த டஃபிள் பை: பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

அலுவலகம், உடற்பயிற்சிக்கூடம், பயணம் ஆகிய மூன்றுக்கும் ஒரே பை போதும் என்ற விளம்பரத்தை நம்பி, பெயரின் முதலெழுத்துகளை எம்பிராய்டரி செய்து தரும் டஃபிள் பை (உருளை போல நீண்ட துணிப்பை) ஒன்றை இணையத்தில் வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

தண்ணீர் புகாத 600 டெனியர் பாலியெஸ்டர் துணி என்று விற்பனைப் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் குறிக்கும் அளவு. அதிலிருந்து நூலின் பருமனை அறியலாமே தவிர, நெசவு எவ்வளவு நெருக்கமானது என்பதையோ உட்பூச்சு எத்தகையது என்பதையோ அறிய முடியாது. எண்ணைப் பார்த்து மயங்கியது என் தவறு.

பை வந்த அன்று எழுத்துகளின் நேர்த்தியைப் பார்த்து மகிழ்ந்துதான் போனேன். மறுநாள் காலை அடையாள அட்டையை வைப்பதற்காக பையின் முன்பக்கச் சிற்றறையின் ஜிப்பைத் திறந்தால், விரல்கள் பாதிக்கு மேல் உள்ளே இறங்கவில்லை. அறையின் வெளித்துணியில் மட்டும் போட வேண்டிய தையலை, அதன் பின்னாலிருக்கும் துணியையும் சேர்த்துப் பிடித்துப் போட்டிருந்தார்கள். வாய் திறந்தது, வயிறு தைக்கப்பட்டிருந்தது. தைத்து முடித்த பையில் பெயர் போடுபவர் அறை இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையேல் அறையைப் பொருத்தும் முன்பே துணியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி.

அதையும் பொறுத்துக்கொண்டு பையைப் பயன்படுத்தினேன். முதல் மழையிலேயே உள்ளே இருந்த காகிதங்கள் நனைந்தன. அதுவும் சரியாக எழுத்துகளுக்குப் பின்புறம் மட்டும். தண்ணீர் புகாத பூச்சு துணியின் உட்பக்கத்தில் மெல்லிய படலமாகத்தான் இருக்கும் என்பதால், எம்பிராய்டரி ஊசி இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் அதில் ஒரு துளை விழுகிறது, நெருக்கமான தையலில் அத்தகைய துளைகள் நூற்றுக்கணக்கில் விழுகின்றன. பின்புறத்தை அடைக்காமல் விட்டால் அது சல்லடைதான். லைனிங்கைப் பிரித்துப் பார்த்தபோது தையலுக்கு அடியில் வைக்கும் தாங்குதாள் ஈரத்தில் ஊறிக் கிடந்தது, அடைப்பு என்று எதுவும் இல்லை.

புகைப்படங்களுடன் விற்பனையாளருக்கு எழுதினேன். பெயர் தைத்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்ற ஒற்றை வரியே பதிலாக வந்தது. பெயர் போட்ட பொருளை வேறொருவருக்கு விற்க முடியாது என்பதால், வாங்கியவர் மனம் மாறித் திருப்புவதை மறுக்கும் விதி நியாயமானதே. ஆனால் நான் மனம் மாறவில்லை. அவர்கள் தைத்த தையலே பழுதாக இருக்கிறது. இந்த வேறுபாட்டை மூன்று முறை விளக்கியும், அடுத்த முறை வாங்கும்போது தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். (அடுத்த முறையாம்!)

இத்தகைய பை வாங்க நினைப்பவர்கள், எழுத்துகள் எந்த இடத்தில் வரும், அங்கே அறை இருக்கிறதா, தையலின் பின்புறம் அடைக்கப்படுமா, பழுதானால் மாற்றித் தருவார்களா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் வெறும் பையை வாங்கிச் சில நாள் சுமந்து பார்த்த பிறகு, பெயரைத் தனித்துணியில் தைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். நான் வங்கி அட்டை வழியே பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். தைத்து மூடப்பட்ட அறையின் படமும் விற்பனைப் பக்கத்தின் நகலும் சான்றாகக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.