பாளையங்கோட்டை டயாலிசிஸ் சென்டர்: ஹெபடைட்டிஸ் சி விஷயத்தில் எப்படி?

அம்பாசமுத்திரத்திலிருந்து அப்பாவை இங்கேதான் டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறோம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில். குறையும் சொல்லப்போவதால் சென்டர் பெயரைப் போடவில்லை. ஏசி, டிவி, பார்க்கிங் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். நான் கவனித்தது ஹெபடைட்டிஸ் சி விஷயத்தை, அதாவது ரத்தம் வழியாகப் பரவி ஈரலைக் கெடுக்கும் வைரஸ் கிருமியை. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இந்தக் கிருமி தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட ரொம்ப அதிகம், தடுப்பூசியும் கிடையாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சேரும்போதே டெஸ்ட் எடுத்தார்கள், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் எடுக்கிறார்கள். புதிதாகத் தொற்றினால் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள்) டெஸ்டில் தெரியவே இரண்டு மூன்று மாதம் ஆகலாம் என்பதால் ஒரே டெஸ்டோடு நிறுத்தக்கூடாது. சிஸ்டர்கள் ஒரு கட்டிலிலிருந்து அடுத்ததுக்குப் போகுமுன் கிளவுஸைக் கழற்றிப் போட்டுக் கை கழுவுகிறார்கள், கூட்டம் நெரியும் காலை ஷிப்டிலும்கூட. இதைப் பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. பல நாடுகளில் டயாலிசிஸ் சென்டர்களுக்குள் இந்தத் தொற்று பரவியபோது ஆராய்ந்து பார்த்ததில், ரத்தம் பட்ட கை, சுத்தம் செய்யாத மேஜை, பலருக்கும் பொதுவாக ஒரே குப்பியிலிருந்து எடுத்த ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து), இப்படித்தான் திரும்பத் திரும்ப வந்தது. காய்ந்துபோன துளியில்கூட ஆறு வாரம் வரை இந்தக் கிருமி தாங்கும் என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். இங்கே ஹெப்பாரினைத் தனி அறையில் ஊசியில் ஏற்றி, ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவருகிறார்கள். மனதுக்கு நிம்மதி.

குறை என்னவென்றால் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை விளக்குவதில்லை. பக்கத்துக் கட்டில் அண்ணாச்சிக்கு ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. "தம்பி, இனிம வீட்ல தட்டு தம்ளரெல்லாம் தனியா வைக்கணுமோ?" என்று மதினி என்னிடம் அழுகிறார்கள். சாப்பாட்டிலோ தொடுவதிலோ இது பரவாது, ரத்தம் வழியாகத்தான் பரவும், ஷேவிங் பிளேடும் பல் பிரஷும் தனியாக இருந்தால் போதும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஆன்டிபாடி இருந்தால் கிருமி எப்போதோ வந்து போயிருக்கவும் செய்யலாம், ஏறக்குறைய 100 பேரில் 30 பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடுகிறது. இப்போது இருக்கிறதா என்பதை, ரத்தத்தில் கிருமியின் மரபுப்பொருளையே தேடும் ஆர்என்ஏ டெஸ்ட்தான் சொல்லும். கிருமி இருந்தாலும் அதற்கு மாத்திரை இருக்கிறது, பெரும்பாலும் 12 வாரம், 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது, டயாலிசிஸில் இருப்பவர்களும் சாப்பிடலாம். 2018இல் மத்திய அரசு தொடங்கிய ஹெபடைட்டிஸ் திட்டத்தில் டெஸ்டும் மாத்திரையும் இலவசம். இதையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்து ரிப்போர்ட்டோடு பின் அடித்துக் கொடுத்தால் என்ன? மேனேஜரிடம் கேட்டேன், பார்க்கிறோம் என்றார், இன்னும் வரவில்லை.

ஐந்துக்கு நான்கு ஸ்டார். எந்த சென்டரில் சேர்ப்பதானாலும், ஆறு மாத டெஸ்ட் உண்டா, ஹெப்பாரினை எங்கே வைத்து ஊசியில் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அட்டையைக் கொடுங்கள்.