வாடகைக் காரா, டவுன் பஸ்ஸா? குமரி மாவட்டத்தை அதன் மனிதர்களோடு பார்க்க

விவேகானந்தர் பாறை, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி எல்லாம் ஒரே நாளில் முடியவேண்டும் என்றால் கார்தான். வயதானவர்கள் கூட வந்தாலும் அதுவே சரி. திங்கட்கிழமை மட்டும் அரண்மனை பூட்டியிருக்கும். ஆனால் காரில் போனால் நீங்கள் பேசப்போகும் உள்ளூர்க்காரர் அநேகமாக டிரைவர் ஒருவர்தான்.

பஸ் என்றால் நாகர்கோவிலில் தங்கி, நாளுக்கு ஒரே ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோவாளைப் பூச்சந்தை விடியுமுன்பே களைகட்டிவிடும்; பேச்சுக்கொடுக்க அது நேரமல்ல. தராசில் பிச்சிப்பூ ஏறும்போது குறுக்கே நின்று விலை கேட்டால் பிழைப்பைக் கெடுப்பதாகும். மூட்டைகள் வண்டியேறி, கூட்டம் கலைந்தபின் மாலை கட்டுபவர்களிடம் போங்கள். கால் கிலோ பூ வாங்கி, "அண்ணாச்சி, இதை எப்படித் தொடுக்கணும்?" என்று கேளுங்கள். நாரில் இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுருக்கு. கை நிற்காமலே பேச்சு வளரும்.

முட்டத்திலும் குளச்சலிலும் மீன் ஏலம் நடக்கையில் ஒதுங்கி நில்லுங்கள். கேட்காமல் செல்போனை நீட்டாதீர்கள். வலை பழுதுபார்க்க உட்காரும் நேரம்தான் பேச்சுக்கு வாகானது. ஞாயிறு வேண்டாம். பல கடற்கரை ஊர்களில் அன்று தேவாலயத்தில் பூசை, தொழிலுக்குப் போகமாட்டார்கள்.

பஸ்ஸில் சிக்கல் திரும்பும்போதுதான். குலசேகரத்தைத் தாண்டிய உள்கிராமங்களுக்கு வண்டி குறைவு. இறங்கும்போதே கண்டக்டரிடம் கடைசி பஸ் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் கையிலிருந்தால் எங்கள் தேர்வு பஸ்தான். ஒரே நாள் என்றால் கார் எடுத்து, பட்டியலிலிருந்து இரண்டு இடத்தை நீக்கிவிடுங்கள்.