கணுக்காலில் 16 மாதம் இருந்த ஸ்டீல் பிளேட்

2021 மார்ச்சில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது கணுக்கால் உடைந்தது. வெளிப்பக்கம் ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ வைத்தார்கள். எலும்பைப் பொறுத்தவரை குறையே இல்லை, நன்றாகக் கூடிவிட்டது.

தொல்லை ஐந்தாம் மாதம் வந்தது. தையல் தழும்பை ஒட்டித் தோல் சிவந்து, கடுகு கடுகாகக் கொப்புளங்கள். பகல் எப்படியோ போய்விடும், இரவில் அரிப்பு தூங்க விடாது. சொறிந்தால் நீர் கசியும். பிளேட் வைத்த இடம் என்பதால் சீழ் பிடித்துவிட்டதோ என்றுதான் எல்லோருக்கும் பயம். முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான். ஆனால் காய்ச்சல் இல்லை, உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது, எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ எதுவும் தளரவில்லை. அப்படியும் மூன்று முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். ஸ்டீராய்டு களிம்பு போட்டால் அடங்கும், நிறுத்தினால் ஒரே வாரத்தில் திரும்ப வரும்.

கடைசியில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். காலைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "கவரிங் தோடு போட்டா காது புண்ணாகுமாம்மா?"

ஆகும். கல்லூரி நாளிலிருந்தே ஆகும். ஜீன்ஸ் பட்டன் படும் இடமும் கறுத்துத் தடித்திருக்கும். அதை ஒரு வியாதியாகவே நான் நினைத்ததில்லை. ஆபரேஷனுக்கு முன் மருந்து அலர்ஜி உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். கவரிங் விஷயத்தை அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இன்றும் மனதில் உறுத்துவது இதுதான்.

எந்தப் பொருள் தோலுக்கு ஒவ்வாது என்று பார்க்க, சந்தேகப் பொருட்களைத் துளித்துளியாக வைத்து முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டினார்கள். 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக் கூடாது. மே மாத வெயிலில் அது பெரிய தவம். பிரித்த அன்றே, பல கவரிங் நகைகளில் கலந்திருக்கும் நிக்கல் உலோகத்தை வைத்த இடம் சிவந்திருந்தது, நான்காம் நாள் தடித்துக் கொப்புளமே வந்துவிட்டது.

அப்புறம் உள்ளே இருப்பது என்ன உலோகம் என்ற கேள்வி. டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் 'பிளேட்டிங்' என்றுதான் இருந்தது. மருத்துவமனைக்கு இரண்டு தடவை அலைந்து, பழைய கேஸ் ஷீட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தேடிப் பிடித்தோம். 316எல் ஸ்டீல். இதில் நூற்றுக்கு 13 முதல் 15 பங்கு நிக்கல். துருப்பிடிக்காத ஸ்டீல்தான், ஆனாலும் உடம்பின் உப்புநீரில் துளித்துளியாக நிக்கல் கரைந்து வரும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து பிளேட்டை எடுக்கச் சொல்ல வேண்டாம். நிக்கல் ஒவ்வாத பெரும்பாலானவர்களுக்கு உள்ளே ஸ்டீல் இருந்தும் ஒன்றும் ஆவதில்லை. பேட்ச் டெஸ்ட் மட்டுமே பிளேட்டைக் குற்றவாளி ஆக்காது என்று டாக்டரும் சொன்னார். எனக்கு எலும்பு முழுதாகக் கூடியிருந்ததால் எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானது.

2022 ஜூலையில் எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் அரிப்பு குறைந்தது, ஆறு வாரத்தில் களிம்பையே நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு கொப்புளம்கூட வரவில்லை. தழும்பைச் சுற்றிக் கறுப்பு மட்டும் இன்னும் இருக்கிறது.

போன வருஷம் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்தபோது, அட்மிஷன் போடும் இடத்திலேயே கேட்டேன்: "அம்மாவுக்கும் கவரிங் ஒத்துக்காது, என்ன உலோகம் வைக்கப் போறீங்க?" டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு டைட்டானியம் என்று எழுதினார். அதன் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, அம்மாவின் ஃபைலில் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.