ஃபோர்த் ஜென் பெட்டி: எல்லாம் ஓடும், எருது மட்டும் ஓடாது

பர்கூர் மச்சான் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "மாமா, உங்க வீட்ல இருக்கற மாதிரியே ஒரு பழைய கம்ப்யூட்டர் பொட்டி பெங்களூர் எஸ்பி ரோட்ல சொல்லி வெச்சிருக்கேன். எட்டாயிரத்துக்கு எறங்கி வந்துட்டான். வாங்கிடலாமா?"

"வேண்டாம்" என்று போட்டேன். "ஏன், உங்களது நல்லாத்தானே ஓடுது?" என்று திருப்பிக் கேட்டான். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இந்தப் பதிவு.

முதலில் பெட்டியின் ஜாதகம். இன்டெல்லின் ஃபோர்த் ஜென், அதாவது நான்காம் தலைமுறை ஐ5 சிபியு (2013 காலத்துச் சரக்கு), 8 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வந்த பிறகு நான் போட்ட எஸ்எஸ்டி. பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனியில் உழைத்து ஓய்ந்து, லாட்டில் கழித்து விடப்பட்டு, எஸ்பி ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து என் மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்கு வந்த சரக்கு. டாலி, ஜிஎஸ்டி, பிள்ளையின் பாடம், பிரின்ட் என்று எதிலும் முகம் சுளித்தது கிடையாது. கரென்ட் போய்ப் போய் வரும் நாட்களிலும் ஆன் பண்ணினால் எழுந்து உட்காரும்.

இதில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. பெட்டியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். பக்கவாட்டில் ஒரு கொக்கி, இழுத்தால் மூடி கையோடு வந்துவிடும். எங்கள் வீடு கிரானைட் லாரிகள் போகிற ரோட்டில். ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் சிபியுவின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு மேலே வெள்ளையாகக் கம்பளி விரித்த மாதிரி தூசி. பிளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் இறக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும். சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் காய்ந்து போன பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வைத்தால் மே மாதத்திலும் ஃபேன் சத்தம் அடங்கிவிடுகிறது. எளிதில் திறக்க முடிகிற பெட்டியை வைத்திருப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சரி, கோபத்துக்கு வருவோம்.

வீடியோ ஸ்டக் ஆகிறது. எல்லா வீடியோவும் ஆகியிருந்தால் பரவாயில்லை, பெட்டியே லாயக்கில்லை என்று ஒதுக்கிவிடலாம். பழைய ஃபுல் எச்டி சினிமா ஃபைல் வழுக்கிக்கொண்டு ஓடும். அதைவிடச் சின்ன சைஸில் இருக்கும் இன்னொரு ஃபைல் நொண்டியடிக்கும். எது ஓடும், எது ஓடாது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது.

பொங்கல் முடிந்தால் எங்கள் பக்கம் எருது விடும் விழா. தம்பி மகன் ஐபோனில் 4கே, வினாடிக்கு 60 ஃபிரேமில் எடுத்து பென்டிரைவில் கொண்டுவந்தான். பெட்டியை டிவியில் மாட்டினோம், வீடே கூடி உட்கார்ந்தது. எருதை அவிழ்த்து விட்டார்கள். படம் அங்கேயே நின்றுவிட்டது. சத்தம் மட்டும் ஓடுகிறது; விசில், தப்பட்டை, "வுடு வுடு" என்று கத்தல். அடுத்து படம் வந்தபோது எருது தெருக்கோடியில் இருக்கிறது. நடுவில் கொம்பில் கட்டியிருந்த தட்டியைப் பறித்தது யார் என்பது பெட்டிக்கே தெரியாது. அதே வீடியோ அவனுடைய போனில் ஒரு குலுங்கல் இல்லாமல் ஓடுகிறது.

இதற்கு ஊரில் கிடைத்த வைத்தியங்களைச் சொல்ல வேண்டும். "ரேம் பத்தல சார், 16 ஆக்கிடுங்க" என்றார் ஒருவர். "நெட் பிளான் மாத்துங்க" என்றார் இன்னொருவர். ஃபைல் பென்டிரைவில் இருக்கிறது ஐயா, இதில் நெட் எங்கே வந்தது? பென்டிரைவ் ஸ்லோ என்று ஒரு கட்சி. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஐபோனில் 4கே 60-க்கு நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி என்று போனின் செட்டிங்ஸிலேயே எழுதியிருக்கும். வினாடிக்கு 7 எம்பிகூட வராது. பழைய யுஎஸ்பி 2.0-வின் ஏட்டு வேகம் வினாடிக்கு 60 எம்பி. நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலும் தாராளம்.

காரணம் ஃபைலுக்குள் இருக்கிறது. விஎல்சி பிளேயரில் வீடியோ ஓடும்போது கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி மடித்த முறை, எது என்று காட்டும். வழுக்கிக்கொண்டு ஓடியவை எல்லாம் எச்.264. எருது எச்.265, அதாவது எச்இவிசி. எச்.264 வந்தது 2003-ல், எச்இவிசி 2013-ல். அதே தரத்தைக் கிட்டத்தட்ட பாதி சைஸில் அடைக்கும். அதனால்தான் போன் கம்பெனிகள் அதற்குத் தாவின. ஐபோனில் 2017-ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து இருக்கிறது. ஆனால் அவ்வளவு இறுக்கி மடித்ததைப் பிரிக்கவும் வேலை அதிகம்.

அந்த வேலையைச் செய்ய கிராஃபிக்ஸ் பகுதிக்குள் அதற்கென்றே ஒரு தனி மின்சுற்று வைக்கிறார்கள். அது இருந்தால் மாம்பழக்கூழ் ஆலையில் மெஷினில் கொட்டுகிற மாதிரி. இல்லாவிட்டால் அத்தனை பழத்தையும் சிபியு உட்கார்ந்து கையால் தோலுரிக்க வேண்டும். 4கே என்றால் ஒரு ஃபிரேமுக்கு 3840 பெருக்கல் 2160, ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 17 மில்லி வினாடிகூட இல்லை. என் டிவி வெறும் ஃபுல் எச்டிதான், ஆனாலும் படத்தை முழுதாகப் பிரித்த பிறகுதான் சுருக்கவே முடியும். ஆகவே சலுகை எதுவும் இல்லை.

ஃபோர்த் ஜென்னில் எச்.264-க்கு அந்தச் சுற்று இருக்கிறது. எச்இவிசிக்கு அது முழுதாக வந்தது 2015-ல், சிக்ஸ்த் ஜென்னில். நிற நுணுக்கம் கூடிய 10 பிட் எச்இவிசியும் யூடியூபின் விபி9 கோடெக்கும் ஒழுங்காக வந்தது செவன்த் ஜென்னில். அதற்கும் புதிய ஏவி1 கோடெக் வேண்டுமென்றால் லெவன்த் ஜென்வரை போக வேண்டும். ஐபோன் 12-லிருந்து எச்டிஆரில் எடுத்தால் அது 10 பிட். 2013 பெட்டியிடம் போய் இதைக் கேட்டால் அது என்ன செய்யும்?

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவைத் தட்டினால் வீடியோ டீகோட் என்று ஒரு கட்டம் இருக்கும். எருது ஓடும்போது சிபியு 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, டீகோட் கட்டமோ தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. பழைய சினிமாவைப் போட்டால் நிலைமை தலைகீழ். இந்த ஒரு திரையைப் பார்த்தவனிடம் யாரும் ரேம் விற்க முடியாது.

யூடியூபிலும் இதே சங்கதிதான். வீடியோமேல் ரைட் கிளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" போட்டால் கோடெக்கும், எத்தனை ஃபிரேம் தவறியது என்பதும் ஓடிக்கொண்டே இருக்கும். விபி09 என்றோ ஏவி01 என்றோ இருந்து, தவறிய எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் நெட்டைத் திட்டிப் பயனில்லை. எச்264இஃபை என்று ஒரு இலவச எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. போட்டால் யூடியூப் பழைய எச்.264-லேயே அனுப்பும், 1080பி-க்கு மேல் கிடைக்காது, பரவாயில்லை.

நடுவில் நடந்த சர்வீஸ் கதையைச் சொல்லாமல் விட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது. வோல்டேஜ் அடித்து பெட்டியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். எஸ்எம்பிஎஸ் மாற்றினார்கள், கேட்காமலேயே விண்டோஸையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இதுவரை ஒழுங்காக ஓடிய பழைய சினிமாவும் ஸ்டக். கேட்டால், "பழைய பொட்டி சார், வயசாயிடுச்சி." டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தைத் திறந்தேன், மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருக்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவரே போடவில்லை! டிரைவர் இல்லையென்றால் உள்ளே இருக்கும் அந்தச் சுற்றை யாரும் தொட முடியாது, எல்லாச் சுமையும் சிபியு தலையில். டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் சினிமா பழையபடி. வயதாகிவிட்டதாம். சர்வீஸ் போய்வந்த பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் இந்த ஒரு வரியைப் பாருங்கள். கூடவே விஎல்சியின் பிரிஃபரன்ஸில் இன்புட், கோடெக்ஸ் பக்கம் போய் ஹார்ட்வேர் டீகோடிங் ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறதா என்றும், குரோமில் கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷன் அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எருதுக்கு இதெல்லாம் போதவில்லை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரில் போட்டு 1080பி எச்.264 ஆக மாற்றிப் பார்த்தேன், அது நன்றாகவே ஓடியது. ஆனால் கொஞ்ச நேர வீடியோவை மாற்றவே இந்தப் பெட்டி மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு காதுகுத்துக்கும் இதைச் செய்ய யாருக்குப் பொறுமை?

கடைசியில் தனி கிராஃபிக்ஸ் கார்டுதான். கடையில் முதலில் நீட்டியது "2 ஜிபி கார்டு சார், எல்லாம் ஓடும்." மாடல் நம்பரை வாங்கிப் பார்த்தால் அது எச்இவிசிக்கு முந்தைய காலத்துச் சரக்கு. எத்தனை ஜிபி என்பதற்கும் எதைப் பிரிக்கும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் நம் ஊரில் கிராஃபிக்ஸ் கார்டைக் கிலோ கணக்கில்தான் விற்கிறார்கள். நான் தேடிப்பிடித்தது செகண்ட் ஹேண்டில் ஒரு ஜிடி 1030. 2017-ல் வந்தது. கேம் ஆட லாயக்கில்லை, அதற்காக நான் வாங்கவும் இல்லை. 30 வாட்தான் இழுக்கும், தனி பவர் ஒயர் வேண்டாம், குட்டைப் பெட்டிக்குள் அடங்கும் லோ புரொஃபைலிலும் கிடைக்கிறது. 10 பிட் எச்இவிசி, விபி9 இரண்டையும் பிரிக்கும். ஏவி1 கிடையாது. கார்டு போட்ட பிறகு கேபிளை மதர்போர்டில் விட்டுவிடாமல் கார்டில் செருக வேண்டும்.

எருது ஓடியது. டீகோட் கட்டம் எழுந்து நின்றது, சிபியு 15-ஐத் தாண்டவில்லை. தட்டியைப் பறித்தது பச்சைச் சட்டைக்காரன்.

இத்தோடு முடிந்திருந்தால் சந்தோஷம். இப்போதும் சினிமாவில் கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் லேசாக ஒரு வெட்டல் தெரிகிறது. சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம், டிவி வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது. 60-ஐ 24-ஆல் வகுத்தால் மீதி இல்லாமல் போகாதே, அதனால் ஒரு ஃபிரேம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று மாறி மாறி வருகிறது. டிஸ்ப்ளே செட்டிங்கில் டிவியை 24 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் வெட்டல் போகும், மௌஸ் நகர்வது எரிச்சலாகிவிடும். வீட்டில் வேறு யாருக்கும் இது தெரிவதில்லை. எனக்கு மட்டும் தெரிகிறது, தெரிந்த பிறகு தெரியாமல் இருக்க முடியவில்லை.

இனி மச்சானுக்கு. குணங்களைக் கூட்டிப் பார்த்தால் பத்துக்கு எட்டு கொடுக்க வேண்டிய பெட்டி. நான் ஐந்துதான் போடுவேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எய்த் ஜென்னாவது வேண்டும் என்கிறார்கள். எட்டாயிரத்துக்கு இதை வாங்கி, மேலே கார்டுக்கும் கொடுத்து, விண்டோஸுக்கு அல்லாடுவதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் போட்டு எய்த் ஜென் கேள். எச்இவிசி, விபி9 இரண்டும் உள்ளேயே இருக்கும், கார்டு வேண்டாம். கடைக்குப் போகும்போது தம்பி மகனிடம் அந்த வீடியோவை வாங்கிப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போ. பணம் கொடுப்பதற்கு முன்னால் அங்கேயே ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல். திறக்க யோசிக்கிற கடையில் வாங்காதே.

"அப்ப உங்களத எனக்குக் குடுத்துட்டு நீங்க புதுசு வாங்கிக்கோங்க மாமா" என்று அடுத்த மெசேஜ் வரும், தெரியும். தர மாட்டேன். கார்டு போட்ட பிறகு நன்றாகத்தான் ஓடுகிறது.