டெர்மினலில் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

கிட் என்பது புரோகிராமின் குறியீட்டில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவி. ஒரே இடத்தை இருவர் வெவ்வேறாக மாற்றியிருந்தால், இரண்டையும் சேர்க்கும்போது (மெர்ஜ்) எதை வைப்பது என்று அதற்குத் தெரியாது; அந்த மோதல்தான் கான்ஃப்ளிக்ட். கிட்டை நிறுவியதும் இயல்பாகக் கிடைக்கும் கான்ஃப்ளிக்ட் காட்சி போதாது. டெர்மினலிலேயே, அதாவது கட்டளைகளை அடித்து வேலை செய்யும் திரையிலேயே, பல வருடம் புழங்கிய பிறகு இதை உறுதியாகச் சொல்வேன். கோப்பைத் திறந்தால் மேலே நம் பக்கம், நடுவில் ஏழு சமக்குறி, கீழே வந்து சேரும் பக்கம். இருவரும் கை வைப்பதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்பது மட்டும் அதில் இருக்காது. அது தெரியாமல் முடிவெடுப்பது, தகராறு எதில் தொடங்கியது என்று தெரியாமலே பஞ்சாயத்து சொல்வது மாதிரி.

நம் பக்கத்தில் மூன்று வரி, அந்தப் பக்கத்தில் இரண்டு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக இருக்கும் வரி நாம் சேர்த்ததா, அவர்கள் வேண்டுமென்றே நீக்கியதா? இயல்பான காட்சியில் இதற்கு விடை இல்லை. பெரும்பாலானவர்கள் "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று மூன்று வரியையும் வைத்துக்கொள்வார்கள். யாரோ யோசித்து நீக்கிய குறியீடு இப்படித்தான் சத்தமில்லாமல் திரும்பி வருகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே வேலைக்கான பழைய கருவி சப்வெர்ஷன் இந்த விஷயத்தில் தாராளமாக இருந்தது. அப்டேட் செய்யும்போது மோதினால், நம் பிரதி '.மைன்' என்ற ஒட்டுடன் ஒரு கோப்பு, பழைய திருத்த எண்ணோடு ஒரு கோப்பு, புதிய எண்ணோடு இன்னொரு கோப்பு என்று எல்லாவற்றையும் ஃபோல்டரிலேயே போட்டுவிடும். பார்க்க அசிங்கம்தான். ஆனால் மூலப் பிரதி கண் முன்னால் கிடக்கும். கிட்டிலும் அது இல்லாமல் இல்லை, மாற்றங்களைப் பதிவு செய்வதற்கு முன் கிட் வைத்திருக்கும் இண்டெக்ஸ் என்ற இடைநிலைப் பட்டியலுக்குள் மூன்று பிரதிகளும் எண்ணோடு ஒளிந்திருக்கின்றன. 1 என்பது பொது மூதாதை (இருவரும் மாற்றுவதற்கு முந்தைய மூலம்), 2 நம்முடையது, 3 அவர்களுடையது. 'கிட் ஷோ :1:கோப்புப்பெயர்' என்று அடித்தால் மூலப் பிரதி அப்படியே திரையில் வரும்.

ஒவ்வொரு முறையும் இதை அடிக்கத் தேவையில்லை. 'மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல்' என்ற அமைப்பை 'டிஃப்3' என்று மாற்றினால் போதும், இரு பக்கத்துக்கும் நடுவில் மூலமும் தெரியும். 2022 ஜனவரியில் வந்த 2.35 பதிப்பிலிருந்து 'இசட்டிஃப்3' என்ற மேம்பட்ட வடிவமும் உண்டு. இரு பக்கமும் ஒரேமாதிரி மாற்றிய தொடக்க, முடிவு வரிகளை அது மோதலுக்கு வெளியே தள்ளிவிடுவதால், பார்க்க வேண்டிய பகுதி சுருங்கும். நான் இதைத்தான் வைத்திருக்கிறேன். ஒரு குறை: இரண்டு பிராஞ்சுகள் (தனித்தனியாக வளரும் கிளைகள்) மாறி மாறி ஒன்றையொன்று மெர்ஜ் செய்திருந்தால், நடுவில் காட்டப்படும் மூலத்துக்குள்ளேயே கான்ஃப்ளிக்ட் குறிகள் வரலாம். அப்போது தலை சுற்றும். அந்த நேரத்தில் 'கிட் லாக் --மெர்ஜ் -பி' அடித்து, அந்தக் கோப்பை இரு பக்கமும் தொட்ட கமிட்டுகளை (பதிவு செய்த மாற்றங்களை) மட்டும் வாசிப்பேன். எதற்காக மாற்றினார்கள் என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து, எந்தப் பக்கம் வேண்டும் என்று சொல்லும் 'அவர்ஸ்' (நம்முடையது), 'தெயர்ஸ்' (அவர்களுடையது). மெர்ஜில் 'அவர்ஸ்' என்றால் நாம் நிற்கும் பிராஞ்ச். ரீபேஸில் அப்படியே தலைகீழ். நம் கமிட்டுகள் 'தெயர்ஸ்' ஆகிவிடும். காரணம் இருக்கிறது: ரீபேஸ் முதலில் அடுத்தவர் பிராஞ்சின் நுனியில் போய் நின்றுகொண்டு, நம் கமிட்டுகளை ஒவ்வொன்றாக அதன் மேல் வைக்கிறது. காரணம் புரிகிறது, ஆனாலும் இது மோசமான வடிவமைப்பு என்பதே என் கருத்து. அதோடு, 'கிட் செக்அவுட் --அவர்ஸ்' என்பது கோப்பு முழுவதையும் நம் பிரதியாக மாற்றிவிடும். மோதாமல் நல்லபடியாகச் சேர்ந்த வரிகளும் போய்விடும். மோதிய இடங்களில் மட்டும் நம் பக்கம் வேண்டுமென்றால் மெர்ஜ் கட்டளையிலேயே '-எக்ஸ் அவர்ஸ்' கொடுக்க வேண்டும். சிறிய 'எஸ்' போட்டு '-எஸ் அவர்ஸ்' என்று கொடுத்தால் அடுத்த பிராஞ்சின் மாற்றம் ஒன்றுகூட உள்ளே வராது, ஆனால் வரலாற்றில் மெர்ஜ் ஆனதாகப் பதிவாகும். ஓர் எழுத்தில் இவ்வளவு வித்தியாசம்.

அதிகம் பேசப்படாத, ஆனால் என் நேரத்தை நிறைய மிச்சம் செய்த வசதி 'ரீரீரீ'. 'ரீரீரீ.எனேபிள்ட்' என்பதை ட்ரூ ஆக்கினால், ஒரு மோதலை நாம் எப்படித் தீர்த்தோம் என்று கிட் குறித்து வைத்துக்கொள்ளும். அதே மோதல் மறுபடி வந்தால் தானே தீர்க்கும். நீண்ட நாள் ஓடும் பிராஞ்சை அடிக்கடி ரீபேஸ் செய்பவர்களுக்கு இது வரம். தீர்த்தவற்றை இயல்பாக 60 நாளும், தீர்க்காதவற்றை 15 நாளும் வைத்திருக்கும். தவறாகத் தீர்த்திருந்தால் அந்தத் தவறையும் விசுவாசமாகத் திரும்பச் செய்யும் என்பதால், 'கிட் ரீரீரீ ஃபர்கெட்' என்ற கட்டளையையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பின்வாங்குவது எளிது என்பதும் டெர்மினலில் எனக்குப் பிடித்தது. முழுவதையும் கைவிட 'கிட் மெர்ஜ் --அபார்ட்'. ஒரே ஒரு கோப்பை மறுபடி கான்ஃப்ளிக்ட் நிலைக்குக் கொண்டுவர 'கிட் செக்அவுட் -எம்'. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம்மின் லாக் கோப்பு (பேக்கேஜ்களின் துல்லியமான பதிப்புப் பட்டியல்) மோதினால் நான் அதைக் கையால் திருத்துவதே இல்லை. பேக்கேஜ் கோப்பை மட்டும் சரிசெய்துவிட்டு 'என்பிஎம் இன்ஸ்டால்' ஓட்டினால் லாக் கோப்பை அதுவே சரிசெய்துவிடும்.

கிட் செய்யாதவையும் உண்டு. கோப்புக்குள் கான்ஃப்ளிக்ட் குறிகள் அப்படியே இருந்தாலும் 'கிட் ஆட்' செய்தால் தீர்ந்துவிட்டது என்று நம்பிவிடும். கமிட்டுக்கு முன் 'கிட் டிஃப் --செக் --கேஷ்ட்' அடித்தால் மிச்சமிருக்கும் குறிகளைக் காட்டும். இதை கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ப்ரீ-கமிட் ஹுக்கில் போட்டுவிட்டால் நினைவில் வைக்கவும் வேண்டாம். இதைவிட ஆபத்தானது மோதலே இல்லாத மோதல். ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறார். இன்னொருவர் வேறொரு கோப்பில் பழைய பெயரிலேயே அதை அழைக்கிறார். மெர்ஜ் சுத்தமாக முடியும், புரோகிராம் ஓடாது. 2.34 பதிப்பிலிருந்து இயல்பாகியிருக்கும் 'ஓஆர்டி' என்ற மெர்ஜ் முறை வேகத்திலும், பெயர் மாறிய கோப்புகளைக் கண்டுபிடிப்பதிலும் முன்பைவிட எவ்வளவோ மேல். ஆனால் இதை அதுவும் பிடிக்காது. புரோகிராமை ஓட்டிச் சரிபார்க்கும் டெஸ்ட்தான் பிடிக்க வேண்டும்.

டெர்மினலை விட்டு நான் வெளியே போவது ஒரே ஒரு நிலைமையில்தான்: யாராவது ஃபார்மேட்டரை (குறியீட்டின் அமைப்பைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவியை) ஓட்டிக் கோப்பு முழுவதும் இடைவெளி மாறியிருந்தால். அதிலும் முதலில், அதே ஃபார்மேட்டரை அதே அமைப்போடு நம் பிராஞ்சிலும் ஓட்டி கமிட் செய்துவிட்டு மெர்ஜ் செய்து பார்ப்பேன். பெரும்பாலான மோதல் அதிலேயே காணாமல் போய்விடும். அப்படியும் மிஞ்சினால் 'கிட் மெர்ஜ்டூல்' வழியாக மெல்ட் என்ற ஒப்பிட்டுப் பார்க்கும் கருவியைத் திறந்து மூன்று பத்தியாகப் பார்ப்பேன். 'மெர்ஜ்டூல்.கீப்பேக்கப்' என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு '.ஆரிக்' பிரதி ஃபோல்டரில் தங்கிவிடும்.