விளையாட்டுக்குப் போட்ட ஏலத்துக்கு 23,600 ரூபாய் பில்: விற்பவர்கள் கவனத்துக்கு

ஆன்லைன் ஏலத் தளத்தில் விற்பனைக் கணக்கு வைத்திருப்பவர்கள், அதிலும் அந்தக் கணக்கை வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்திருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். கமிஷன் போடுவது உங்கள் கைக்கு வந்த பணத்தின் மேல் இல்லை. ஏலம் எந்த விலையில் முடிந்ததோ அதன் மேல்.

நான் மும்பை மாட்டுங்காவில் பழைய வால்வு ரேடியோக்களைச் சரிசெய்து விற்கிறேன். சோர் பஜாரில் வாங்குவேன், பழுது பார்ப்பேன், ஏலத்தில் போடுவேன். படம் எடுத்து ஏற்றுவது அக்கா மகன் வேலை. இந்த மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் வழக்கம்போல முட்டியளவு தண்ணீர் நின்றபோது, அதில் ஒரு பாட்டில் பிடித்து, "காந்தி மார்க்கெட் அசல் மழைநீர், 1 லிட்டர், ஆரம்ப விலை 1 ரூபாய்" என்று என் கணக்கில் போட்டுவிட்டான். கலங்கிய தண்ணீர், அடியில் கறுப்பு வண்டல், பக்கத்தில் அளவுக்கு ஒரு வடாபாவ். அவன் கூட்டாளிகள் ஆளாளுக்கு விலை ஏற்றி 2 லட்சத்தில் முடித்துவிட்டார்கள். "சும்மா ஜாலிக்குத்தான் மாமா, யாரும் பணம் கட்டப் போறதில்லை" என்றான்.

யாரும் கட்டவில்லைதான். ஆனால் பில் வந்தது. கமிஷன் 10%, அதாவது 20,000. அதன் மேல் 18% ஜிஎஸ்டி 3,600. கோயம்புத்தூருக்கு அனுப்பிய மர்ஃபி ரேடியோவுக்கு எனக்கு வர வேண்டிய 14,500 ரூபாயை அப்படியே பிடித்துக்கொண்டு, மீதி 9,100 பாக்கி என்று கணக்கில் சிவப்பில் காட்டினார்கள். அந்த ரேடியோவின் டிரான்ஸ்ஃபார்மரை நானே உட்கார்ந்து கையால் சுற்றினேன். அந்தக் கூலி ஒரு பாட்டில் சாக்கடைத் தண்ணீருக்குப் போனது.

சாட்டில் கேட்டால் முதலில் "வாங்குபவர் பணம் செலுத்தும்வரை காத்திருக்கவும்" என்றார்கள். விளக்கி எழுதிய பிறகு, விற்கும் நோக்கம் இல்லாத பதிவு விதிமீறல் என்று அதை நீக்கி, என் கணக்குக்கு எச்சரிக்கையும் கொடுத்தார்கள். சரி, கட்டணம்? "ஏலம் வெற்றிகரமாக முடிந்ததால் கட்டணம் பொருந்தும்." எனக்கு ஆறவே இல்லை. செல்லாத ஏலம் என்றால் கமிஷன் எதற்கு? செல்லும் என்றால் எச்சரிக்கை எதற்கு? இரண்டையும் ஒரே மெயிலில் எழுதுகிறார்கள்.

இந்த மாதிரி விளையாட்டு புதிதும் இல்லை. 2007-ல் ஒருவர் பெல்ஜியம் நாட்டையே ஈபேயில் ஏலம் போட்டார். 1 கோடி யூரோ வரை கேட்ட பிறகு ஈபே அதை நீக்கியது. (நான் சொல்லும் தளம் ஈபே இல்லை.) ஈபேயில் வாங்குபவர் 4 நாளில் பணம் கட்டாவிட்டால் விற்பவர் ஏலத்தை ரத்து செய்யலாம், கமிஷன் திரும்ப வரவாகும். ஆனால் அதை விற்பவர்தான் கேட்க வேண்டும், அதற்கும் கெடு உண்டு. ஏலத்தில் போடுவதற்கென்று வாங்கும் கட்டணம் திரும்பாது.

அதனால் உங்கள் தளத்தில் பணம் கட்டாதவர் மேல் புகார் கொடுக்கக் கடைசி நாள் எது என்று இன்றே பாருங்கள். ஏலம் முடிவதற்குள் கண்ணில் பட்டால் உடனே பதிவை எடுத்துவிடுங்கள், ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்களை வைத்து விலை ஏற்றுவது பல தளங்களில் கணக்கை மூடும் அளவுக்குக் குற்றம், பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அப்புறம், சாட்டில் மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். 2020 மின்வணிக விதிகள்படி தளத்துக்கு ஒரு குறைதீர்ப்பு அதிகாரி இருக்க வேண்டும், பெயரும் தொடர்பும் தளத்திலேயே இருக்க வேண்டும். வாடிக்கையாளர் புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றதாக ஒப்புதல், ஒரு மாதத்துக்குள் தீர்வு.

நான் அந்த அதிகாரிக்கு அவர்களுடைய இரண்டு வாக்கியங்களையும் அப்படியே எடுத்துப் போட்டு எழுதினேன். அதற்குப் பிறகுதான் 20,000 கமிஷன் வரவானது. 3,600 ஜிஎஸ்டி இன்னும் வரவில்லை. கமிஷனே ரத்து என்றால் அதன் மேல் போட்ட வரிக்கும் சேர்த்துக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) கொடுங்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். எச்சரிக்கையும் என் கணக்கில் அப்படியேதான் இருக்கிறது.